சீட்டிலிருந்து கணினிக்கு



நம் ஊர்களில் கிளினிக் நடத்தும் டாக்டர்கள் பலர், நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை இப்போது கணினிக்கு மாற்றி வருகிறார்கள். மாற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களும் நிறையப் பேர். இதனால் நோயாளிக்கு என்ன நன்மை, எதில் கவனம் வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பல வருஷமாகச் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, கிரியாட்டினின் பரிசோதனை செய்கிறார். முதல் வருஷம் 0.9. அடுத்த வருஷம் 1.1. அதற்கடுத்த வருஷம் 1.3. ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் 'பரவாயில்லை, நார்மலை ஒட்டித்தான் இருக்கிறது' என்று தோன்றும். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால்தான் சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்கிறது என்பது புரியும். மூட்டு வலிக்காக வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த, சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும். பழைய சீட்டுகள் ஒன்று பீரோவிலும் ஒன்று மஞ்சப் பையிலும் கிடந்தால், எந்த டாக்டராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கணினி அந்த மூன்று எண்களையும் ஒரு கோடாகவே வரைந்து காட்டிவிடும்.

குறிப்புகளை இப்படி ஒழுங்காக வரிசைப்படுத்துவது புதிய யோசனையும் இல்லை. 1968-இலேயே லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர், நோயாளியின் பிரச்சினைகளை வரிசையாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பரிசோதனையையும் சிகிச்சையையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் நாட்டில் டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் குறிப்புகளைக் கணினியில் ஏற்ற முயற்சி செய்யச் சொல்கின்றன. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தர விதிகளை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது.

சரி, ஒரு கிளினிக் எப்படி மாற வேண்டும்? அலமாரியில் உள்ள பழைய பைல்களை எல்லாம் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்வதில் பெரிய பலன் இல்லை. ஸ்கேன் செய்த தாள் வெறும் படம்தான். அதிலிருந்து கிரியாட்டினின் அளவைக் கணினி தானாக எடுத்து வரிசைப்படுத்தும் என்று நம்பியிருக்க முடியாது. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து வருகிறவர்களின் விவரங்களை மட்டும் கணினியில் பதியலாம். பழைய நோயாளி அடுத்த முறை வரும்போது, அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது என்னென்ன சாப்பிடுகிறார், நாள்பட்ட நோய் என்ன, என்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது என்ற நான்கை மட்டும் அவரிடமே கேட்டு ஏற்றினால் போதும். முதல் சில வாரங்களுக்கு டோக்கனைக் குறைத்துவிட வேண்டும். வழக்கமான கூட்டத்தை வைத்துக்கொண்டு புது வேலையைப் பழகினால் தப்பு நடக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. முருகன் என்று தேடினால் பத்துப் பேர் வருவார்கள். இனிஷியலும் ஒன்றாகவே இருக்கலாம். பெரியவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். போன் நம்பர் மகனுடையது; அப்பா, அம்மா, மருமகள் மூவருக்கும் அதே நம்பர்தான். அவசரத்தில் ஒருவருடைய பதிவைத் திறந்து இன்னொருவருக்கு மருந்து எழுதினால் ஆபத்து. அதனால் பெயரோடு அப்பா அல்லது கணவர் பெயரையும் தெருவையும் கேட்டு உறுதி செய்த பிறகே பதிவைத் திறக்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் தரப்படும் 14 இலக்க 'ஆபா' எண் இந்தக் குழப்பத்தைக் குறைக்க உதவும். அந்த எண்ணை எடுப்பது கட்டாயமில்லை. பதிவைப் பிறர் பார்க்க நோயாளியின் சம்மதம் வேண்டும்.

பாதுகாப்பை லேசாக எண்ணக் கூடாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஓபி, அட்மிஷன், பில் எல்லாவற்றையும் பல நாட்கள் கையால் எழுத வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலைமை. சிறிய கிளினிக்கிலும் தினமும் ஒரு நகல் எடுத்து, இணையத்தோடு இணைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வேண்டும். கரண்ட் போனால் எழுத நோட்டும் பேனாவும் மேசையிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டாக்டரின் பார்வை. திரையையே பார்த்து டைப் செய்துகொண்டிருந்தால், நோயாளி சொல்ல வந்ததைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார். திரையைச் சற்றுத் திருப்பி, நோயாளியும் பார்க்கும்படி வைக்கலாம். எழுதியதை வாய்விட்டு வாசிக்கலாம். "இல்லீங்க டாக்டர், அந்த மாத்திரைய நான் போன மாசமே நிறுத்திட்டேன்" என்று அவர் சொல்வார். அந்த ஒரு திருத்தம் ஒரு உயிரைக் காக்கக்கூடும்.

கடைசியாக, நேயர்களாகிய உங்களுக்கு. குறிப்பை எழுதுவது டாக்டர். அதில் இருப்பது உங்கள் உடம்பின் கதை. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று அந்த 2002-ஆம் ஆண்டு நெறிமுறையே சொல்கிறது. அடுத்த முறை கிளினிக்குக் கிளம்பும்போது, சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவானாலும் அதைப் பதியச் சொல்லுங்கள். பதிந்ததை ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.