மரம் பார்த்து எழுதும் பிள்ளைகள்

 

இன்று பாடம் இல்லை. கேரளத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும் ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அங்கே ஏப்ரல் நடுவில் விஷுப் பண்டிகை வரும். அன்று விடிந்ததும் கொன்றைப் பூ கண்ணில் பட வேண்டும். மஞ்சள் மஞ்சளாகச் சரம் தொங்குமே, அந்தச் சரக்கொன்றைதான். "இப்போதெல்லாம் விஷுவுக்கு முன்னாலேயே பூத்துக் கொட்டிவிடுகிறது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எந்த மரம்? எந்த வாரம்? எத்தனை வருடமாக? கேட்டால் பதில் வராது. யாரும் எழுதி வைக்கவில்லை.

அதை எழுதி வைக்கத்தான் 2010-11இல் சீசன்வாட்ச் என்ற திட்டம் வந்தது. இந்தியா முழுவதற்குமான திட்டம். கேரளத்தில் மாத்ருபூமி நாளிதழின் 'சீட்' திட்டம் வழியாக நிறையப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்தன.

வேலை சின்னதுதான். ஒரு பிள்ளை ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளும். மா, பலா, புளி, கொன்றை என்று ஏதாவது ஒன்று. வாரம் ஒரு முறை அதே மரத்தைப் பார்க்கும். தளிர், பூ, காய், பழம் உண்டா? 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய'. இந்த மூன்றில் ஒன்றை எழுதும். மரம் ஏற வேண்டாம், பூவை எண்ண வேண்டாம்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மாம்பூ பூத்த நேரத்தில் மழை அடித்தால் என்ன ஆகும்? அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பூ ஒரு நேரம், தேனீ ஒரு நேரம் என்று ஆனால் காய் பிடிக்குமா?

இதில் பிள்ளைகளுக்குக் கஷ்டமானது எது தெரியுமா? 'இல்லை' என்று எழுதுவதுதான். "பூவே இல்லை, என்னத்தை எழுத?" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் போன வாரம் 'இல்லை', இந்த வாரம் 'கொஞ்சம்' என்று இருந்தால்தான் பூத்த வாரம் தெரியும். வெறுமனே விட்டால், மரம் பூக்கவில்லையா, பிள்ளை பார்க்கவில்லையா? யாருக்குத் தெரியும்? பால் வாங்காத நாளுக்கும் பால் கணக்கு நோட்டில் ஒரு கோடு போடுகிறோமே, அது போலத்தான்.

ஒரு மரத்தை மட்டும் நம்பவும் கூடாது. சாக்கடை ஓரத்து மரத்துக்கு எப்போதும் ஈரம். மேட்டு மரம் வேறு மாதிரி. பல ஊர், பல மரம், பல வருடம் பார்க்க வேண்டும். ஒரே வருடத்தை வைத்து "காலம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு சங்கடம் லீவு. அங்கே ஏப்ரல், மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது. கொன்றை பூப்பதும், பலா பழுப்பதும் அந்த நேரத்தில்தான்! பிள்ளைக்கு லீவு, மரத்துக்கு ஏது லீவு?

அப்போது வீட்டில் இருக்கும் அம்மா, தாத்தா எழுதலாமே. பூ, காய், பழம், இல்லை, கொஞ்சம், நிறைய. இந்த ஆறு வார்த்தையும் நமக்கு எழுத வரும். போன மாதமே படித்துவிட்டோம்.

நம் மையத்து வாசலில் புளியமரம் நிற்கிறது. சுவரில் ஒரு தாள் ஒட்டி, இன்றைய தேதி போட்டிருக்கிறேன். எல்லோரும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள். முதல் வரியை யார் எழுதுகிறீர்கள்?