கூரிய அறிவும் தடுமாறும் எழுத்தும்



நாலடியார் வெண்பாக்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தை, அதே பாடலை நூலைப் பார்த்துப் படிக்கும்போது திணறுவதுண்டு. அக்குழந்தைக்குச் 'சோம்பேறி' என்று பெயர் சூட்டிவிடுதல் எளிது. உண்மையில், கூரிய அறிவே குறையை மறைத்துவிடுகிறது. கீழ் வகுப்புகளில் நினைவாற்றலைக் கொண்டே குழந்தை ஈடுகொடுத்துவிடும். பாடங்கள் நீண்டபின் அது இயலாது.

தமிழெழுத்தும் இவர்களைச் சோதிக்கின்றது. 'கொ' என்பதில் ஒகரம் ககரத்துக்குப் பின்னே ஒலிக்கிறது; அதன் குறியோ ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ணகர னகர வேறுபாடு பலர் பேச்சிலேயே இல்லையாதலால், காதும் துணைக்கு வாராது. பிழைபட்ட சொல்லை நூறு முறை எழுதச் செய்வது தண்டனையேயன்றிப் பயிற்சியன்று. ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதச் செய்யலாம். திண்ணைப் பள்ளிகளில் இருந்த வழக்கந்தான் அது! விடையை வாயால் சொல்லவும் வகுப்பில் இடந்தருதல் வேண்டும்.

இவ்வுதவி சலுகையன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. தேர்வில் கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதுபவரின் துணையையும் குறிப்பிடுகின்றது. அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும். "சான்றிதழ் வாங்கிவிட்டால் நாளை பெண்ணுக்கு வரன் அமையுமா?" என்று தயங்கும் இல்லங்கள் உள. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் அச்சான்றிதழுக்காக அலைவோரும் அவர்களே.