நெடுங்காட்டுக்காரர்

காரைக்கால் என்றதும் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனும் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவும் உங்கள் மனதுக்கு வந்திருக்கும். அவற்றை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தவர்கள், நான் சொல்ல என்ன இருக்கிறது? இன்றைக்குப் பாரதியார் சாலையில் தொடங்கி, அரசலாற்றுக் கரை வழியாகக் கடற்கரை வரை நடக்கலாம் என்று திட்டம்.

ஆனால் வெறும் வயிற்றோடு நடக்க முடியாதே! இந்தப் பக்கத்து இஸ்லாமியர் வீடுகளின் கைப்பக்குவம் இறால் வாடா. அரிசி மாவைத் தட்டையாகத் தட்டி, மேலே வெங்காயத்தோடு இறாலை அழுத்திப் பொரிப்பார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும்.

வாடாவும் டீயும் கைக்கு வந்தால் இந்த ஊரில் பேச்சு அரசியலுக்குத்தான் போகும். சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சி மட்டும் பாண்டியில். சட்டசபைக்குப் போகவே கடலூர், சிதம்பரம் வழியாக இன்னொரு மாநிலத்தைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் போகவேண்டும். அப்படிப் போன ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், கடற்கரை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ப. சண்முகம். 1927-இல் நெடுங்காட்டில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றும் போராட்டத்தில் இளைஞராக இறங்கியவர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அந்த நாளைக் கொண்டாடும் நாம், அதற்குப் பிறகு இந்தச் சின்ன ஆட்சிப் பகுதியைக் கட்டி நடத்தியவர்களில் எத்தனை பேரைச் சொல்லுவோம்? 1980, 1984, 1989 என்று மூன்று தேர்தல்களில் புதுவை தொடர்ந்து சண்முகத்தை மக்களவைக்கு அனுப்பியது.

2000 மார்ச்சில் முதலமைச்சரானார், எம்.எல்.ஏ.வாக இல்லாமலேயே! ஆறு மாதத்துக்குள் ஜெயித்தாக வேண்டும். எங்கே நின்றார் தெரியுமா? காவிரிக் கடைமடைக்காரர் கோதாவரிக் கரைக்குப் போனார், தெலுங்கு பேசும் ஏனாமுக்கு. ஜெயித்தும் வந்தார். 2001 மே மாதம் மீண்டும் முதல்வர், மீண்டும் எம்.எல்.ஏ. இல்லை. இந்த முறை தொகுதி அமையவில்லை. அக்டோபரில் பதவியை விட்டு இறங்கினார், ரங்கசாமி வந்தார்.

மக்களவையில் மூன்று தடவை உட்கார்ந்தவருக்கு, முப்பது தொகுதிகளில் ஒன்று கிடைக்காமல் போனதே என்று எனக்கு ஆதங்கம்தான். அவர் வயதுக்கும் உழைப்புக்கும் கட்சி அதைச் செய்து கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்லுவேன்.

2013 பிப்ரவரி 2 அன்று காரைக்காலிலேயே காலமானார்.

அடடா, நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கடற்கரைக்கு நீங்களே போய்க்கொள்ளுங்கள். திருநள்ளாறு வருபவர்கள் எள் தீபம் ஏற்றிய கையோடு ஊர் திரும்பிவிடாமல், ஒரு தடவை நெடுங்காடு பஸ்ஸிலும் ஏறிப் பாருங்கள்.