வேலுவுக்குக் கேக்கல

"என் நாய்க்குட்டி சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?" நாய் வளர்ப்பு பத்திப் பேசப் போறேன்னு சொன்னதுமே அதிகமா வந்த கேள்வி இதுதான். இதுக்கு என் வீட்டுக் கதையையே பதிலாச் சொல்றேன்.

எனக்கு மதுரை, வண்டியூர்ப் பக்கம் வீடு. வீட்டுல இருந்தே கோடு அடிக்கிற வேலை. போன வருஷம் தை மாசம் நானும் அப்பாவும் ராஜபாளையம் போய் ஒரு குட்டி வாங்கிட்டு வந்தோம். ராஜபாளையம் நாயை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, காவலுக்குப் பேர் போனது. 2005-ல இந்திய அஞ்சல் துறை நம்ம நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டப்போ, அதுல இடம்பிடிச்ச நாலுல இதுவும் ஒண்ணு. குட்டிக்கு ரெண்டு மாசம் முடிஞ்சிருந்துச்சு. 8 வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017-ல வந்த விதியே இருக்கு, அதைக் கேட்டுத்தான் வாங்கினோம். அப்பா வேலுன்னு பேர் வச்சார்.

பெரிய இனம்ங்கிறதால பயிற்சியை உடனே ஆரம்பிச்சேன். 5 கிலோ குட்டி மேல தாவினா கொஞ்சுவோம். அதே பழக்கத்தோட 25 கிலோ நாய் தாவினா எங்க அப்பத்தாவுக்கு இடுப்பு முறிஞ்சிடும். "வேலு, வா." "வேலு, உக்காரு." கையில வேகவச்ச ஈரல் துண்டு. ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல. துண்டைப் பார்த்தா வருவான், பார்க்கலைன்னா அவன் பாட்டுக்குச் செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருப்பான்.

"இந்த ஜாதியே பிடிவாதம்தான் தம்பி, ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வரும்"னார் எதிர்வீட்டு மாமா. ஒரு நாள் ஆபீஸ் கால்ல இருக்கும்போது சார்ஜர் ஒயரைக் கடிச்சான். "வேணாம்"னு நாலு தடவை கத்தினேன். அவன் திரும்பக்கூட இல்ல. பேப்பரைச் சுருட்டி முதுகுல ஒரு அடி அடிச்சுட்டேன். அவன் துள்ளி எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கே... எதுக்கு அடி விழுந்துச்சுன்னே அவனுக்குத் தெரியல.

விஷயத்தைக் கண்டுபிடிச்சது அம்மாதான். ஒரு காலையில வேலு சமையலறை வாசல்ல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தான். குக்கர் நாலு விசில் அடிச்சுச்சு. "டேய், இங்க வந்து பாரு. இவனுக்குக் காது மடல்கூட ஆடல"ன்னாங்க.

பக்கத்து ரூம்ல இருந்து தட்டைக் கரண்டியால அடிச்சேன். அசையல. ஆனா நான் அவன் பக்கமா நடந்ததும் முழிச்சுக்கிட்டான். தரையோட அதிர்வு. வாசக்கதவைத் திறந்ததும் ஓடி வர்றதுக்கும் அதுதான் காரணம். அதை வச்சுத்தான் இத்தனை நாள் காது கேக்குதுன்னு நம்பிட்டேன். இன்புட்டே போகல, நான் அவுட்புட்டைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

கால்நடை மருத்துவர் சோதிச்சுப் பார்த்துட்டு ரெண்டு காதும் கேக்கலைன்னார். வெள்ளை நிறத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. உள்காதுல நிறமி செல்கள் இருந்தாத்தான் ஒலியை உணர்ற செல்கள் பிழைக்கும். உடம்பை வெள்ளையாக்குற மரபணு அந்த நிறமி செல்களை உள்காதுலயும் இல்லாமப் பண்ணிட்டா, பிறந்த சில வாரத்துலயே கேக்குற திறன் போயிடும். ராஜபாளையத்துக்கு மட்டும் வர்ற பிரச்சினை இல்ல இது. அமெரிக்காவுல சோதிச்ச டால்மேஷியன்கள்ல ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ ரெண்டு காதோ கேக்கல.

குட்டி வித்தவருக்கு போன் பண்ணினோம். நல்ல மனுஷன்தான். "கொண்டு வாங்க, வேற குட்டி தர்றேன்"னார். "இவனை என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன். பதில் வரல. அன்னைக்கு ராத்திரி வீட்டுல ஒரே விவாதம். காவலுக்குன்னு வாங்கின நாய், கேட் திறக்குற சத்தமே கேக்காதுன்னா எதுக்கு? அப்பா கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு. எனக்கு அந்தப் பேப்பர் அடிதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில அப்பத்தாதான் பேசினாங்க. "எனக்கும்தான் காது கேக்கல. என்னையும் திருப்பிக் குடுத்துட்டு வர்றீங்களா?" அதுக்கு மேல யாரும் பேசல.

மறுநாள்ல இருந்து பேச்சை விட்டுட்டுக் கையால ஆரம்பிச்சோம். சரியாச் செஞ்சா கட்டை விரலை உயர்த்தணும், அடுத்த நொடியே ஈரல் துண்டு. உள்ளங்கையை மேல தூக்கினா உக்காரணும். கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தா வரணும். முக்கியமான பயிற்சி, அடிக்கடி எங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. தானா எங்க முகத்தைப் பார்க்குறப்பெல்லாம் துண்டு குடுத்தோம். வீட்டுல எல்லாரும் ஒரே சைகைதான் காட்டணும்னு ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டினோம். தூங்கும்போது சட்டுனு தொட்டு எழுப்பினா பயந்து கடிக்கலாம். அதனால தோள்ல மெதுவா தொட்டு, முழிச்சதும் துண்டு குடுத்துப் பழக்கினோம். நாலு நாள்ல உக்காரக் கத்துக்கிட்டான். பிடிவாதக்காரன்னு பேர் வாங்கின அதே குட்டிதான்.

காது கேட்டாலும் கேக்காட்டியும் பெரிய இனக் குட்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் பொதுவா சில விஷயம். தடுப்பூசி 6-லிருந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரைக்கும் போடணும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாசத்துல. அது முடியற வரைக்கும் தெருவுல இறக்கி விடாதீங்க, பார்வோ வந்தா உயிருக்கே ஆபத்து. அதுக்காக வீட்டுக்குள்ளயே பூட்டியும் வைக்காதீங்க. உலகத்தைப் பார்த்துப் பழகுற வயசும் அதுதான். நான் சாயங்காலம் வேலுவைத் தெப்பக்குளத்துக்குத் தூக்கிட்டுப் போய் மடியிலயே வச்சுக்கிட்டு பஸ், கூட்டம், குழந்தைங்க எல்லாத்தையும் காட்டினேன்.

"எலும்பு பலமாகட்டும்"னு யாராவது கால்சியம் டானிக் குடுக்கச் சொன்னா டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. சின்னக் குட்டியோட உடம்பால அதிகப்படி கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது, எலும்பு கோணலா வளரும். ஒரு வயசு தாண்டுற வரைக்கும் பைக் பின்னாடி ஓட விடாதீங்க. சித்திரை வெயில்ல ரோட்டுல புறங்கையை வச்சுப் பாருங்க. 7 நொடி தாங்கலைன்னா அதோட பாதமும் தாங்காது. வெள்ளை நாயோட தோல் வெயில்ல புண்ணாயிடும், நடையெல்லாம் விடியற்காலையிலயும் பொழுது சாஞ்ச பிறகும்தான்.

வெள்ளைக் குட்டி வாங்கப் போறவங்க, அது தூங்கும்போது பார்வைக்கு மறைவா, தரை அதிராம ஒரு சத்தம் எழுப்பிப் பாருங்க. கிட்டப் போய்க் கைதட்டாதீங்க, காத்து பட்டாலே திரும்பிடும். ஒரு காது மட்டும் கேக்காத குட்டி இதுல தப்பிச்சிடும். அதை உறுதியா கண்டுபிடிக்க மூளையோட மின்னலையை அளக்குற பேயர் சோதனை வேணும். இனப்பெருக்கம் செய்றவங்க இந்தச் சோதனை செஞ்ச ஜோடியைத்தான் சேர்க்கணும். வேலுவுக்கு நாங்க கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டோம்.

இப்போ அவனுக்கு ஒரு வயசு தாண்டிடுச்சு. பின்னாடி வர்ற வண்டி தெரியாதுங்கிறதால கேட்டுக்கு வெளிய எப்பவும் கயிறுதான், இதுல விட்டுக்கொடுக்கவே மாட்டோம். காவலும் ஓரளவுக்கு நடக்குது. கேட்ல அதிர்வு வந்தாலோ புது வாசனை வந்தாலோ முதல்ல எழுந்து நிக்கிறது அவன்தான். தீபாவளிக்குத் தெரு நாயெல்லாம் கார் அடியில நடுங்குறப்போ, இவன் அப்பத்தா காலடியில தூங்கிக்கிட்டு இருந்தான். அணுகுண்டு வெடிச்சப்போ மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ராத்திரி மொட்டை மாடியில இருட்டுல நிப்பான். நான் படியில நின்னு டார்ச்சை ரெண்டு தடவை அடிப்பேன், ஓடி வந்துடுவான். உங்க குட்டி பேச்சைக் கேக்கலைன்னா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை குக்கர் விசில் அடிக்கும்போது அதோட காதைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.