வாடகைக்கு வருபவரிடம் என்ன கேட்பது?

(மும்பையில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களின் வழி வந்தவர்கள் நம்மில் பலர். 1966இல் சிவசேனை தோன்றி, தென்னாட்டவருக்கு எதிராகக் கூச்சல் எழுந்த நாள்களில், 'மதராசி' என்ற ஒரு சொல்லுக்காக நம் பெரியவர்கள் முன்னே எத்தனையோ கதவுகள் சாத்தப்பட்டன. இன்று நம்மில் சிலர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் சயானிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். மகிழ்ச்சி! ஆனால், குடிவர வருபவரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்பதைப் பேசத்தான் வேண்டும்.

வீட்டுக்காரருக்கு அச்சம் உண்டு. வாடகை வருமா? கேட்டால் காலி செய்வாரா? நியாயமான அச்சம்தான். அதற்கு வழியும் இருக்கிறது.

முதலில், ஆள் யார் என்று பாருங்கள். அடையாள அட்டையின் அசலைப் பார்த்து நகல் வாங்குங்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலே போதும்.

அடுத்து, வருமானம். சம்பளச் சீட்டு இருந்தால் பாருங்கள். நாகா முனையில் நின்று கூலி வேலைக்குப் போகிறவரிடம் சீட்டு ஏது? நம் அப்பாக்களிடம் இருந்ததா? மேஸ்திரியிடம் விசாரியுங்கள், வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, முன்பு குடியிருந்த இடம். இப்போதுள்ள வீட்டுக்காரரை மட்டும் கேட்காதீர்கள். தொல்லை தொலைந்தால் போதும் என்று அவர் புகழ்ந்து தள்ளலாம்! அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள், உண்மை வெளிவரும்.

பிறகு, எழுத்து. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரை வெளியேற்ற 24ஆம் பிரிவு வழி தருகிறது. அதுவரை இரட்டிப்புத் தொகையும் கேட்கலாம். குடியிருப்பவரின் விவரத்தைக் காவல் நிலையத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது, "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று ஏன் கேட்க வேண்டும்? தெருவைக் கேட்பது எதற்கு என்று நமக்குத் தெரியாதா? அது சாதியைக் கேட்கும் நாசூக்கான வழி! "முஸ்லிமுக்கு இல்லை, பையாக்களுக்கு இல்லை, தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்கு இல்லை" என்று தமிழ் வாயிலிருந்து வருவது நியாயமா? சாதி தெரிந்தால் வாடகை தேதி தவறாமல் வந்துவிடுமா?

சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். முழுதாகத் தடுப்பதில்லை. பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கமொன்றின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே நம் வாசலில் நாம்தான் நீதிபதி.

ஒரே கேள்விகளை எல்லோரிடமும் கேட்போம். யார், என்ன வேலை, எத்தனை பேர், முன்பு எங்கே இருந்தார் என்று கேட்போம். அதோடு நிறுத்துவோம். பீகாரிலிருந்து நேற்று ரயிலிறங்கிய தொழிலாளியும், தாதரில் தகரப் பெட்டியோடு இறங்கிய நம் தாத்தாவும் ஒரே வர்க்கம். அவருக்கு நம் வீட்டில் இடம் உண்டு என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும் எனக் கேட்டு விடைபெறுகிறோம்.