சேலத்து ஜவ்வரிசியும் ஒரு சிறு குளவியும்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, அப்பண்டத்தை மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே செய்துவிடலாமென்று சேலத்து வியாபாரிகள் சிலர் 1943-ஆம் ஆண்டு வாக்கில் துணிந்ததுதான், இன்று ஆத்தூர் தொடங்கி ராசிபுரம், சேந்தமங்கலம் வரையில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக விளங்கும் சேகோ ஆலைகளுக்கு ஆதி. கிழங்கைத் தோல்சீவி அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தெளியவிட்டு, படிந்த மாவைக் குருணையாக உருட்டி, வறுத்துக் களத்தில் காயவைக்கும் அந்த வேலையை யந்திரத்துக்கு இசையச் செய்த உள்ளூர்ப் பட்டறைக்காரர்களையும் விஞ்ஞானிகள் என்றே நான் மதிக்கிறேன்.

பிறகு திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட 'எச் 226' என்னும் மரவள்ளி ரகம் நம் தோட்டங்களில் பரவியது. 1981-இல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் தோன்றி, ஆலைக்காரர்களின் சரக்குக்குக் கிடங்கும் விற்பனைக் களமும் அளித்தது.

தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கைத் தேடிக்கொண்டு, அதன் பூர்விகச் சத்துருவாகிய மாவுப்பூச்சியும் 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, அடுத்து நம் ஜில்லாக்களுக்கும் வந்து சேர்ந்தது. சுருண்ட குருத்துக்குள்ளே மெழுகுப் பூச்சுடன் பதுங்கியிருக்கும் அதனை மருந்து எளிதில் எட்டுவதில்லை. குடியானவன் தவித்தால் ஆலையும் தவிக்கும், ஆலை நின்றால் கடைவீதியும் தளரும். ஆப்பிரிக்காவை இதே பூச்சி வாட்டிய காலத்தில், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அழிக்கும் மிகச்சிறு குளவியொன்று பராகுவே தேசத்தில் 1981-இல் கண்டெடுக்கப்பட்டு, ஹான்ஸ் ஹெர்ரன் என்ற ஸ்விட்ஸர்லாந்து அறிஞரின் முயற்சியால் அக்கண்டத்தில் பரப்பப்பட்டது. அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசும் கிடைத்தது. அந்தக் குளவியைத்தான் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பரிசோதித்து, 2022 மார்ச் மாதத்தில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்கு விடுத்தார்கள். பராகுவேயில் ஒருவர் பூச்சி தேடி அலைந்த அலைச்சலுக்கும் சேலம் கடைவீதியின் வியாபாரத்துக்கும் சம்பந்தம் உண்டென்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆயினும், வெள்ளை ஈயினாலும் நோயுற்ற விதைக்குச்சியினாலும் பரவும் தேமல் நோய் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. நோயற்ற குச்சிகளை வளர்த்துக் கொடுக்கும் நாற்றங்கால்களை ஊர்தோறும் அமைப்பது அரசாங்கத்தின் பொறுப்பு மட்டுமன்று. இக்கிழங்கினால் பொருளீட்டும் ஆலை முதலாளிகளும் மொத்த வியாபாரிகளும் தத்தம் லாபத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கவேண்டுமென்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.