எண்ணெய் உறைவதும் கிருமி வாழ்வதும்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கொட்டாஞ்சேனைக் கடையிலே வாங்கிய தேங்காயெண்ணெயைச் சீதா எலிய அம்மன் கோயிலுக்கு விளக்கேற்றக் கொண்டுபோனவர்கள் இச்சபையில் இருப்பீர்கள். நுவரெலியாக் குளிரில் அது வெண்ணெய்போல் உறைந்துவிடும். போத்தலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெயோ தாராளமாக ஓடும். ஏன்? தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிய விறகுபோல் நெருங்கி, ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே இறுகிவிடுகின்றன. நல்லெண்ணெயில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஒரு வளைவு உண்டு. வளைந்த விறகை நெருக்கி அடுக்க முடியுமா?

இந்தச் சூட்சுமத்தைப் பற்றீரியாக்கள் நமக்கு வெகுகாலம் முன்பே கைக்கொண்டுவிட்டன. பற்றீரியாவின் உடல் ஒரே கலம். அதைப் போர்த்திய மென்சவ்வு ஈரடுக்குக் கொழுப்பாலானது. உணவு புகுவதும் கழிவு போவதும் அதன் வழியாகத்தான். சவ்வு இறுகினால் வாசல் பூட்டியதுபோல. மிக இளகினாலோ உள்ளிருப்பது ஒழுகும். 1962ஆம் ஆண்டில் மார், இங்கிராம் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், நம் குடலில் வாழும் எசரிக்கியா கோலையை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தனர். குளிர் கூடக்கூட அதன் சவ்வில் வளைந்த அமிலங்களின் பங்கும் கூடிற்று. தேங்காயெண்ணெய்ச் சவ்வை நல்லெண்ணெய்ச் சவ்வாக்கும் வித்தையென்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கும் இப்படி ஈடுகொடுப்பவை உள. உப்பளப் பாத்திகளில் நீர் வற்றி உப்பு உறையும் வேளையில் அது இளஞ்சிவப்பாவதுண்டு. உப்பையே விரும்பும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அவற்றின் சவ்வுக் கொழுப்புகள் எளிதில் அறாத ஈதர்ப் பிணைப்பால் ஆனவை. புத்தளம் போகும்போது பாத்திகளை உற்றுப் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது உப்பளமல்ல, நம் வீட்டுக் குளிர்ப்பெட்டி. அதில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். லிஸ்டீரியா என்னும் பற்றீரியா தன் சவ்வில் கிளைத்த கொழுப்பமிலங்களை மாற்றியமைத்துக்கொண்டு 4 பாகையிலும் மெல்ல மெல்லப் பெருகும். திடகாத்திரமான இளைஞருக்கு அதனால் பெரிய தீங்கு நேருவது அரிது. முதியோருக்கு உயிராபத்து, கர்ப்பிணிகளுக்குக் கரு கலையவும் கூடும். நம் அன்னதானப் பந்தியில் முன்வரிசையில் அமருபவர்கள் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே சமையற் பொறுப்பிலுள்ள தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். மிஞ்சியதைத் தாமதமின்றிப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கியே பரிமாறுங்கள். வெட்டிய பழத்தைச் சூடாக்க முடியாது. அதை அன்றைக்கே பங்கிட்டு முடித்துவிடுங்கள்.